34 நாட்டுப் படைக்கு ஒரே தளபதியா? 1991 வளைகுடாப் போரின் கட்டளை அமைப்பு

நாவாய்:
எங்கே படித்தாலும் ஒரே வரிதான்: "1991-ல் 34 நாட்டுப் படைகளுக்கு அமெரிக்க ஜெனரல் நார்மன் ஷ்வார்ஸ்காஃப் தலைமை தாங்கினார்." ஆனால் குவைத் மீட்கப்பட்ட பிறகு, மார்ச் 3 அன்று, ஈராக்கோடு போர்நிறுத்தப் பேச்சு நடந்த சஃப்வான் கூடாரத்தில் எடுத்த படங்களைப் பாருங்கள். ஈராக் தரப்புக்கு எதிரே இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஷ்வார்ஸ்காஃப், மற்றவர் சவூதியின் லெப்டினன்ட் ஜெனரல் காலித் பின் சுல்தான். இவரைச் சும்மா மரியாதைக்கு உட்கார வைத்தார்களா, இல்லை நிஜமாகவே தனியாகப் படை நடத்தினாரா? நடத்தினார் என்றால் சண்டைக்கு நடுவில் எவர் சொல் எடுபட்டது? சிரியா போன்ற நாடு அமெரிக்கர் பேச்சைக் கேட்டு எப்படி நகர்ந்தது?

அமைப்பு ரீதியான பதில் மட்டும் போதும். "எல்லாம் எண்ணெய்க்காக" இழை ஏற்கெனவே இரண்டு ஓடுகிறது, அது அங்கேயே ஓடட்டும்.

கோட்டைமதில்:
மரியாதைக்கு உட்கார்ந்தவர் இல்லை. அங்கே இருந்தது இரட்டைக் கட்டளை. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளும், நிலப்போருக்கு முன்பாக வந்து சேர்ந்த பிரெஞ்சுப் படையும் ஷ்வார்ஸ்காஃப் பக்கம். சவூதி, எகிப்து, சிரியா, குவைத், மற்ற வளைகுடா நாடுகள், மொராக்கோ முதலியவை காலித் பக்கம். காலித்துக்கு மேலே சவூதி மன்னர் ஃபஹத். ஷ்வார்ஸ்காஃபுக்கு மேலே வாஷிங்டன். இந்த இரண்டு ஏணிக்கும் மேலே பொதுவாக ஒரு ராணுவத் தளபதி கிடையவே கிடையாது.

ஐ.நா. தீர்மானமே இதற்கு வழிவிட்டது. 1950-ல் கொரியாவுக்கான 84-ஆம் தீர்மானம் ஒன்றுபட்ட கட்டளையை அமைத்து, தளபதியை நியமிக்கும்படி அமெரிக்காவிடம் கேட்டது, ஐ.நா. கொடியையும் பயன்படுத்த விட்டது. 1990 நவம்பர் 29-இன் 678-ஆம் தீர்மானத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "குவைத் அரசுடன் ஒத்துழைக்கும் உறுப்பு நாடுகள்" தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம், ஜனவரி 15 வரை ஈராக்குக்கு அவகாசம், அவ்வளவுதான். யார் யாருக்குக் கீழே என்பதை நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டு ஏணிக்கும் நடுவில் ரியாத்தில், சவூதி பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்தார்கள். பாதி அமெரிக்க அதிகாரிகள், பாதி சவூதி அதிகாரிகள், ஒரே வரைபடம். அந்த மையத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் துளியும் இல்லை. ஒரு பக்கம் எழுதிய உத்தரவை மறுபக்கம் மொழிபெயர்த்து, மோதும் இடங்களைக் கண்டுபிடித்து, அந்தந்தத் தளபதி தன் பெயரில் வெளியிடுமாறு செய்வதுதான் வேலை. எகிப்தியப் படைக்கான உத்தரவு காலித் பெயரில்தான் போனது. சிரியா அமெரிக்கர் பேச்சைக் கேட்டதா என்றால், காகிதத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

பாசறை:
ஒரு திருத்தம். முழுச் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990 நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் மன்னர் ஃபஹதோடு பேசி முடித்த ஏற்பாடு: சவூதி மண்ணுக்குள் கூட்டு முடிவு; தாக்குதல் தொடங்க இரு தலைநகரங்களின் ஒப்புதலும் தேவை; எல்லை தாண்டிய பிறகு தாக்குதல் நடவடிக்கையில் அமெரிக்கத் தளபதி சொல்தான் கடைசி. ஆக, "எவர் சொல் எடுபடும்" என்ற கேள்விக்குப் பதில் எல்லை மணல்கரையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வானில் இந்த இரட்டைமுறை கிடையாது. விமானங்கள் எல்லாம் அமெரிக்க விமானப்படை லெப்டினன்ட் ஜெனரல் சார்லஸ் ஹார்னரின் ஒரே தினசரிப் பறப்பு ஆணைக்குள் வந்தன. எந்த விமானம், எந்த உயரம், எந்த நேரம், எந்த எரிபொருள் நிரப்பி, எந்த அழைப்புப் பெயர் என்று எல்லாம் அதில் இருக்கும். சில நாள் 300 பக்கத்தைத் தாண்டும். நாடுகள் இதை ஏற்றதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. ஆணையில் பெயர் இல்லாமல் பறந்தால் சொந்தக் கூட்டணியே சுட்டுத் தள்ளிவிடும். வேடிக்கை என்னவென்றால், இதில் அடிபட்டது வெளிநாட்டுப் படை இல்லை, அமெரிக்கக் கடற்படைதான். விமானந்தாங்கிக் கப்பல்களின் தொலைத்தொடர்பு, விமானப்படையின் கணினிக் கோப்பை வாங்கும் நிலையில் இல்லை. தினமும் ஆணையின் பிரதியை விமானத்தில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரே நாட்டு இரண்டு படைக்கே இந்தக் கதி.

சேணம்:
"கீழே இருந்தது", "தலைமை" என்று பொதுவாகப் பேசினால் விடை வராது. எந்த அளவு அதிகாரம் கைமாறியது என்று பார்க்க வேண்டும். நேட்டோ வழக்கில் படிகள் உண்டு.

உச்சியில் முழுக் கட்டளை. சம்பளம், பதவி உயர்வு, தண்டனை, படையைத் திரும்ப அழைத்துக்கொள்வது எல்லாம் இதில் அடக்கம். இதை எந்த நாடும் வெளிநாட்டுத் தளபதிக்குத் தருவதில்லை. அடுத்து செயல்பாட்டுக் கட்டளை, அதற்குக் கீழே செயல்பாட்டுக் கட்டுப்பாடு. (ராணுவத்தார் இதை OPCON என்று சுருக்கிச் சொல்வார்கள்; தமிழில் எழுதினால் "ஆப்கான்" என்று வந்து தொலைக்கிறது. ஆப்கானிஸ்தான் பற்றிய இழையில் அதை எழுதினால் நாசம்தான்.) கட்டுப்பாடு கையில் இருந்தால், ஒப்புக்கொண்ட பணி, இடம், காலம் இந்த மூன்றுக்குள் படையை நகர்த்தலாம். ஆனால் ஒரு பட்டாலியனைப் பிய்த்துத் தனித்தனிக் கம்பெனியாக வெவ்வேறு வேலைக்கு அனுப்ப முடியாது. கடைசிப் படி உத்திமுறைக் கட்டுப்பாடு: இந்த மலையைப் பிடி, இந்தச் சாலையில் போ என்கிற அளவு மட்டும்.

நடைமுறையில் இது ஒரே தாள் செய்தியில் முடியும்: அதிகார மாற்றச் செய்தி. எந்தப் படை, எந்தப் படி, எந்த நாள், எந்த மணி முதல், எந்த நிபந்தனையோடு. மணி கிரீன்விச் நேரத்தில் இருக்க வேண்டும்; உள்ளூர் நேரம் எழுதினால் அவரவர் தலைமையகம் அவரவர் கடிகாரத்தில் படிக்கும். இந்தச் செய்தி வரும்வரை படை முகாமில் கண்ணுக்கு எதிரே நின்றாலும் அது உங்களுடையது இல்லை. புதிதாக வரும் தலைமையக அதிகாரிகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான்: கப்பலில் இருந்து இறங்கிய டாங்கிகளை எண்ணித் திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.

பிரிட்டனின் 1-ஆம் கவச டிவிஷன் இதற்கு நல்ல உதாரணம். டிவிஷன் தளபதி ரூபர்ட் ஸ்மித். அவர் போர்க்களத்தில் அமெரிக்க 7-ஆம் கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) தளபதி ஃபிரெட்ரிக் ஃபிராங்க்ஸின் உத்திமுறைக் கட்டுப்பாட்டில் இருந்தார். அதே நேரம் ரியாத்தில் பிரிட்டிஷ் தளபதி பீட்டர் டி லா பில்லியர். அவருக்கு மேலே இங்கிலாந்தின் ஹை விக்கம்பில் பேட்ரிக் ஹைன். அதற்கு மேலே லண்டன் அமைச்சரவை. ஃபிராங்க்ஸ் சொன்னதை ஸ்மித் செய்வார். ஆனால் டிவிஷனுக்கு எந்த மாதிரிப் பணி தரலாம் என்பதை முன்கூட்டியே மற்ற மூவரும் பார்த்திருப்பார்கள்.

தூசிப்படை:
அந்த பிரிட்டிஷ் படை முதலில் 7-ஆம் கோரிலேயே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990 இலையுதிர் காலத்தில் வந்த 7-ஆவது கவச பிரிகேட் கடற்கரைப் பக்கம் அமெரிக்க மரீன்களோடு (கடற்படையோடு சேர்ந்த தரைச்சண்டைப் படை) இருந்தது. பிறகு படை டிவிஷன் அளவுக்கு வளர்ந்ததும் பிரிட்டன், மேற்கே நடக்கப்போகும் பிரதானக் கவசத் தாக்குதலில் இடம் கேட்டது. ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் பழகியது அந்த மாதிரிச் சண்டைக்குத்தான். மரீன்களின் பாதையில் கண்ணிவெடி வயலைப் பிளந்து நேரே மோத வேண்டும். போகட்டும், தலைப்புச் செய்தியும் மேற்கேதான். ஷ்வார்ஸ்காஃப் ஒத்துக்கொண்டார். மரீன்களுக்கு எரிச்சல். ஈடாக 'டைகர் பிரிகேட்' என்ற அமெரிக்க ராணுவப் பிரிகேடை அவர்களுக்குக் கொடுத்தார். மரீன்களிடம் பெரும்பாலும் பழைய எம்-60 டாங்கி. வந்த பிரிகேடிடம் எம்1ஏ1.

இந்தப் பண்டமாற்றுதான் கூட்டுப்படைத் தலைவரின் அன்றாட வேலை. ஒரு நாட்டின் அரசியல் விருப்பத்தை மறுக்க முடியாது. மறுக்காமல் விட்டால் இன்னொருவர் முனையில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைத் தன் சொந்தப் படையை எடுத்து அடைக்க வேண்டும். அதனால்தான் பெரிய கையிருப்பு உள்ள நாடு தலைமைக்கு வருகிறது.

இன்னொரு சின்ன விஷயம், பெரிய தலைவலி. பிரிட்டிஷ் சேலஞ்சரின் பீரங்கியும் 120 மி.மீ., அமெரிக்க எம்1ஏ1-இன் பீரங்கியும் 120 மி.மீ. "ஒரே அளவுதானே, குண்டைப் பகிர்ந்துகொள்ளலாம்" என்று காகிதத்தைப் பார்ப்பவன் சொல்வான். சேலஞ்சர் குழல் உள்ளே வரியுள்ளது, குண்டும் மருந்தும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். எம்1ஏ1 குழல் வழவழப்பானது, ஒரே தோட்டாவாக ஏற்றுவது. ஒன்றின் குண்டு மற்றதற்குள் போகாது. பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-30-க்கு 105 மி.மீ., குவைத்தின் எம்-84-க்கு 125 மி.மீ. ஆக டாங்கிக் குண்டுக்கு மட்டும் குறைந்தது நான்கு தனி வரிசை லாரி. எரிபொருள் ஒன்றுதான் உருப்படியாகப் பொதுவில் ஓடியது. சவூதி கொடுத்துக்கொண்டே இருந்தது.

கோட்டைமதில்:
சிரியா பற்றி நாவாய் கேட்டதற்கு வருகிறேன். சிரியாவின் 9-ஆவது கவச டிவிஷன் வந்தது. ஈராக் மண்ணுக்குள் நுழைய மாட்டோம் என்ற நிபந்தனையோடு வந்தது. எகிப்தும் குவைத்தை மீட்க மட்டும் என்றது. இதைக் கேட்டு மேசையைக் குத்துவதில் பயன் இல்லை. வரைபடத்தில் கோட்டை மாற்றி வரைவதுதான் பதில்.

கிழக்கிலிருந்து மேற்காகப் பாருங்கள். கடலோரச் சாலையில் காலித்தின் கிழக்குப் படை: சவூதியும் வளைகுடா நாடுகளும். அடுத்து அமெரிக்க மரீன்கள். அடுத்து காலித்தின் வடக்குப் படை: எகிப்தின் இரண்டு டிவிஷன், பின்னால் ரிசர்வாக சிரியா, கூடவே சவூதி, குவைத் பிரிகேடுகள். இதுவரை உள்ள எல்லா அரபு அம்புக்குறிகளும் குவைத்துக்குள்ளேயே முடிகின்றன. அதற்கு மேற்கே 7-ஆம் கோர், கடைக்கோடியில் 18-ஆம் வான்குதிப்புக் கோரும் அதனோடு பிரெஞ்சு 'டாகே' டிவிஷனும். ஈராக்குக்குள் போகும் அம்புகள் மேற்கத்தியப் படைகளுடையவை மட்டும். யாருடைய நிபந்தனையும் மீறப்படவில்லை, யாரும் சும்மாவும் இருக்கவில்லை. குவைத் நகரத்துக்குள் முதலில் அரபுப் படைகள் போக வேண்டும் என்பதும் இதே வரைபடத்திலேயே இருந்தது.

இதற்கு விலை உண்டு. பிப்ரவரி 24 அன்று மரீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக உடைத்துக்கொண்டு போனார்கள். அதனால் மறுநாள் காலையில் தொடங்க வேண்டிய 7-ஆம் கோரை அன்று பிற்பகல் 3 மணிக்கே கிளப்பினார்கள். வடக்குப் படையும் சேர்ந்து நகர வேண்டும். எகிப்தியர்கள் எண்ணெய் ஊற்றிய தீ அகழிகளைத் தாண்டி மெதுவாக, பாடப்புத்தகப்படி முன்னேறினார்கள். மரீன்களின் இடப்பக்கத்திலும் 7-ஆம் கோரின் வலப்பக்கத்திலும் இடைவெளி விழுந்தது. தன் படையாக இருந்தால் தளபதி ரேடியோவில் கத்தியிருப்பார். இங்கே காலித்திடம் கேட்க வேண்டும்.

நாவாய்:
அப்படியானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இடைவெளி விழும் என்று தெரிந்தே ஏன் இரட்டைக் கட்டளை? "ஒரு படைக்கு ஒரு தலை" என்பதுதானே அடிப்படைப் பாடம். முதல் உலகப் போரில், 1918-ல், பிரெஞ்சு ஜெனரல் ஃபோஷை வைத்துத்தானே நேச நாடுகள் தப்பித்தன?

சேணம்:
ஃபோஷ் கதையை முழுக்கப் பார்த்தால் உங்கள் வாதத்துக்கு எதிராகப் போகும்.

மார்ச் 21-இல் ஜெர்மன் தாக்குதல் பிரிட்டிஷ் முனையைக் கிழித்தது. 26-ஆம் தேதி டூலான் கூட்டத்தில் ஃபோஷுக்குக் கொடுத்தது "ஒருங்கிணைக்கும்" பொறுப்பு. ஒரே வாரத்தில் அந்தச் சொல் போதவில்லை என்று தெரிந்தது. ஒருங்கிணைப்பவரால் எதையும் தொடங்க முடியாது. ஏப்ரல் 3-இல் போவே கூட்டத்தில் "போர்த்தந்திர வழிநடத்தல்" என்று மாற்றினார்கள். ஏப்ரல் 14-இல்தான் தலைமைத் தளபதி என்ற பட்டம். ஆனால் போவே உடன்பாட்டில் இன்னொரு வரியும் உண்டு: தன் படைக்கு ஆபத்து என்று கருதினால் ஒவ்வொரு நாட்டுத் தளபதியும் தன் அரசிடம் முறையிடலாம். தலை ஒன்று, கடிவாளம் மூன்று.

அந்த வரி உயிரோடு இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு 1945 ஜனவரி. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தலைமைத் தளபதியாக இருந்த ஐசன்ஹோவர் முனையைச் சுருக்க ஸ்ட்ராஸ்பர்க்கை விட்டுப் பின்வாங்கச் சொன்னார். ராணுவக் கணக்கில் சரி. பிரெஞ்சுத் தலைவர் டி கோலுக்கு அது பிரான்சின் மானம். சப்ளையை நிறுத்துவேன் என்றது அமெரிக்கப் பக்கம், ரயில்பாதையைத் தரமாட்டேன் என்றது பிரெஞ்சுப் பக்கம். கடைசியில் ஐசன்ஹோவர் உத்தரவை மாற்றினார். அவரிடம் இருந்தது இரட்டைக் கட்டளை அல்ல, நேச நாடுகளின் ஒற்றைத் தலைமையகம்!

1991-இன் இரட்டை ஏணி நேர்மையான ஏற்பாடு என்பது என் கருத்து. எப்படியும் இல்லாத அதிகாரத்தைக் காகிதத்தில் எழுதி ஏமாறுவதைவிட, இல்லை என்று ஒத்துக்கொண்டு எல்லைக்கோட்டைக் கவனமாகப் போடுவது மேல்.

பாசறை:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 1991 வெற்றி கொஞ்சம் ஏமாற்றும். ஆறு மாதத் தயாரிப்பு, திறந்த பாலைவனம், நிலப்போர் 100 மணி நேரம். இரட்டைக் கட்டளையின் ஓட்டைகள் வெளிவர நேரமே இல்லை.

வந்த ஓட்டை ஒன்று கஃப்ஜி. ஜனவரி 29 இரவு ஈராக் அந்தக் காலியான சவூதி ஊருக்குள் நுழைந்தது. பக்கத்தில் மரீன்கள் இருக்கிறார்கள், ஊருக்குள்ளேயே இரண்டு சிறு மரீன் உளவுக் குழுக்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அது காலித்தின் பகுதி, சவூதி ஊர். மரீன்கள் நுழையவில்லை. சவூதி தேசியக் காவல்படையும் கத்தார் டாங்கிகளும் முதல் முயற்சியில் பின்வாங்கி, மறுபடி போய் மீட்டன. அமெரிக்கர் தந்தது பீரங்கியும் விமானமும். அரபுப் படையோடு இருந்த சிறு அமெரிக்கக் குழுக்கள்தான் விமானத்தை எங்கே குறிவைக்க வேண்டும் என்று சொன்னார்கள். இந்த மாதிரிக் குழுக்களைத் தங்கள் ரேடியோவோடு ஒவ்வொரு அரபுப் பட்டாலியனிலும் வைத்ததால் இரண்டு நன்மை: குண்டு சரியான இடத்தில் விழும்; அந்தப் படை நிஜமாக எங்கே இருக்கிறது என்பதும் ரியாத்துக்குத் தெரியும். இரண்டாவதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

தூசிப்படை:
அடையாளம் காணும் பிரச்சினையை யாரும் தொடவில்லை. சிரியாவிடம் டி-62, ஈராக்கிடமும் டி-62. பிரான்சிடம் மிராஜ் எஃப்-1, ஈராக்கிடமும் மிராஜ் எஃப்-1. சிரியாவைப் பின்வரிசையில் வைத்ததற்கு அரசியலோடு இதுவும் சேர்ந்தது. பிரெஞ்சு எஃப்-1 விமானங்களை முதல் நாட்களில் பறக்கவே விடவில்லை.

வண்டிகளில் கூரை முகடு மாதிரி, தலைகீழ் 'வி' குறியை வரைந்தார்கள். மேலே செம்மஞ்சள் துணிப் பலகை. பகலில், பக்கத்தில் பார்த்தால் சரி. வெப்பக் காட்சிக்கருவியில் 2, 3 கிலோமீட்டரில் டாங்கி ஒரு வெள்ளைப் பொட்டு. குறி எங்கே தெரியும்? குண்டு எட்டும் தூரம், கண் அடையாளம் காணும் தூரத்தைவிட அதிகம். பிப்ரவரி 26 அன்று அமெரிக்க ஏ-10 விமானங்கள் இரண்டு பிரிட்டிஷ் வாரியர் வண்டிகளை அடித்ததில் 9 பேர் இறந்தார்கள். அமெரிக்கரிலேயே 35 பேர் தன் பக்கத்துக் குண்டில் போனார்கள்.

குறியைவிடக் கோடுதான் காப்பாற்றும். படைகளுக்கு நடுவே எல்லைக்கோடு, அதற்கு முன்னால் குண்டுவீச்சு ஒருங்கிணைப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் விமானம் தரைத்தளபதியைக் கேட்காமல் அடிக்கலாம். இப்பால் கேட்டே ஆக வேண்டும். இதிலும் தவறு நடந்தது. கடைசி நாட்களில் கோர்கள் கோட்டை மிகத் தூரம் தள்ளிவிட்டன. தரைப்படை அங்கே இல்லை, விமானத்துக்கும் சுதந்திரம் இல்லை. ஈராக்கின் குடியரசுக் காவல்படையின் ஒரு பகுதி அந்த இடைவெளியில் தப்பியது.

திசைகாட்டி:
நிபந்தனைகளைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. இவை பின்னாளில் ஆப்கானிஸ்தானில் தலைமையகங்களை வாட்டியெடுத்தவை. சில படைகள் தங்கள் மண்டலம் தாண்டா, சில இரவில் போகா, சில தாக்குதலில் சேரா. 2006 ரீகா நேட்டோ உச்சி மாநாட்டிலேயே இது பெரிய பேச்சு.

செய்ய வேண்டியது ஓர் அட்டவணை. வரிசையில் ஒவ்வொரு படைப்பிரிவு. பத்தியில் மண்டலம் தாண்டுதல், இரவு, தாக்குதல் பணி, கைதியைப் பிடித்து ஒப்படைத்தல், கூட்டத்தைக் கலைத்தல், இன்னொரு நாட்டுக் காயம்பட்டவரை ஏற்றுதல். ஒவ்வொரு கட்டத்திலும் 'ஆம்', 'இல்லை', 'தலைநகரைக் கேட்க வேண்டும்'. மூன்றாவதற்குப் பக்கத்தில் யாரைக் கேட்பது, பதில் வர எத்தனை மணி. இந்த மணிக்கணக்கு இல்லாத அட்டவணை குப்பை. ஆறு மணி நேரம் என்றால் அந்தப் படையை அவசர ரிசர்வாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்த நிபந்தனை ஆபத்தில்லை. எழுதாதது ஆபத்து: உத்தரவு போன பிறகு நாட்டுப் பிரதிநிதி "தலைநகர் யோசிக்கிறது" என்பார். இதைப் பிடிக்க ஒரே வழி ஒத்திகை. மணல் மாதிரியைச் சுற்றி எல்லாரையும் நிற்க வைத்து, "இப்போது பக்கத்துப் படை மாட்டிக்கொண்டது, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழியும் இதில் சேரும். 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றில் பிரிட்டிஷ் பிரிகேடியர் தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை "கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது" என்ற ரீதியில் சொன்னாராம். பிரிட்டிஷ் காதுக்கு அது கழுத்தளவு வெள்ளம். அமெரிக்கர் சமாளிக்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டார் என்பார்கள். அந்தப் பிரிகேடின் குளோஸ்டர் பட்டாலியனில் 500-க்கும் மேற்பட்டோர் சிறைபட்டனர். அதனால் அறிக்கையில் அடைமொழி கூடாது. எத்தனை பேர், எத்தனை குண்டு, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எண் மட்டும். ஒரே ஆங்கிலம் பேசுபவர்களுக்கு நடுவிலேயே இப்படி.

அதே கொரியாவில் இந்தியாவின் நிபந்தனையும் ஒரு வகை: சண்டைப்படை அனுப்ப மாட்டோம், மருத்துவப் படை மட்டும். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு போனது. 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குதிப்புப் படையோடு அதன் ஒரு பகுதி முன்சானில் குதித்தது. நிபந்தனை உள்ள படை என்றால் பின்னால் உட்கார்ந்த படை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கோட்டைமதில்:
ஒன்று விட்டுப்போயிற்று: கூட்டணிக்குள் சேர விடாமல் தடுப்பதும் தலைமையின் வேலை. ஜனவரி 18 முதல் ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேலில் விழுந்தன. இஸ்ரேல் பதிலடி கொடுத்தால் அரபு நாடுகள் நிற்பது கடினம். பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்பு ஏவுகணையை அனுப்பினார்கள், அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சர் லாரன்ஸ் ஈகிள்பர்கரை அனுப்பினார்கள். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை: விமானங்களை நண்பன் என்று காட்டும் அடையாளக் குறியீடு. அது இல்லாமல் ஈராக் வானத்துக்குள் போனால் யார் சுடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறுபக்கம், ஸ்கட் ஏவுவண்டிகளைத் தேட ஏராளமான விமானப் பறப்புகளைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. ராணுவக் கணக்கில் வீண், கூட்டணிக் கணக்கில் அவசியம். ஷ்வார்ஸ்காஃபுக்கே அது பிடிக்கவில்லை.

நாவாய்:
நிறையத் தெளிந்தது. கடைசியாக, ஆரம்பித்த இடத்துக்கே: சஃப்வானில் அந்த இருவரும் ஒரே பேச்சைப் பேசினார்களா?

பாசறை:
எதிரே ஈராக்கின் லெப்டினன்ட் ஜெனரல் சுல்தான் ஹாஷிம் அகமது. நிகழ்ச்சி நிரல் ராணுவ விஷயம் மட்டும்: கைதிகள், கண்ணிவெடி வரைபடம், படைகள் மோதாமலிருக்கத் தற்காலிகக் கோடு. பிடித்துச் செல்லப்பட்ட குவைத் மக்கள் பற்றிய கேள்வியும் வந்தது. அரசியல் நிபந்தனை எதுவும் கையில் இல்லை. 678-இன் வேலை குவைத் வரைதான்.

முடியப்போகும் நேரத்தில் ஈராக் தரப்பு, பாலங்கள் உடைந்துவிட்டன, அதிகாரிகள் போய்வர ஹெலிகாப்டர் வேண்டும் என்றது. கூட்டணிப் படை இருக்கும் இடத்துக்கு மேல் பறக்காதவரை சரி என்றார் ஷ்வார்ஸ்காஃப். ஆயுதம் ஏந்தியவையும் உண்டா என்று கேட்டார்கள், அதற்கும் சரி. அந்த ஹெலிகாப்டர்கள் அதே மாதம் தெற்கு ஈராக்கில் கிளர்ச்சி செய்த ஷியா மக்கள் மேல் போயின. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பின்னால் அவரே சொன்னார். அந்த அனுமதியைத் திரும்பப் பெறும் அதிகாரம் கூடாரத்தில் இருந்த இருவரிடமும் இல்லை, வாஷிங்டனிடம் இருந்தது, வாஷிங்டன் பெறவில்லை.